மைனஸ் ஒண்ணும் காணாமல் போன வரிகளும்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'மைனஸ் ஒண்ணு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவரும் இல்லை.

பெயர் அவளுடைய பழைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு கல்லூரியில் சி என்ற கணினி மொழிக்கான செய்முறை வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள். யூனிக்ஸ் கணினியில் ஒரு கோப்பைத் திறக்க ஓப்பன், படிக்க ரீட், எழுத ரைட், மூட குளோஸ். நான்கையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் திறக்கச் சொன்னது திறந்ததா, எழுதச் சொன்னது எழுதப்பட்டதா என்று ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. வேலை நடக்கவில்லை என்றால் அந்த அழைப்பு மைனஸ் ஒன்று என்று பதில் சொல்லும். அதைக் காதிலேயே வாங்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடுவார்கள்.

"மைனஸ் ஒண்ணு வந்தா என்ன பண்ணுவே?" என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்பாள்.

"வராது மேடம்."

"வராதுன்னு உன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சா?"

வருஷத்துக்கு அறுபது பேர், ஆறு வருஷம். வாய் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டிலும் அதே கதைதான். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிடும்.

"கடையைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேன்."

"பூட்டை இழுத்துப் பார்த்தீங்களா?"

"பூட்டினா பூட்டினதுதானேம்மா. அதுக்கு மேல அதுகிட்ட சாட்சி வேற வாங்கணுமா?"

இப்படிச் சொன்ன மனிதர்தான் ஒருமுறை பூட்டு சரியாக விழாமல் கடையை நாள் முழுக்கத் திறந்துபோட்டுவிட்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வந்தார். நல்லவேளையாக ஒன்றும் போகவில்லை. அன்றைக்கு அவள் பேசிய பேச்சுக்குப் பிறகும் அவர் பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறவள், இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ரத்த மாதிரிகளைப் பதிவு செய்யும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தாள். நோயாளி ஜன்னலுக்கு வருவார். ஜன்னலில் இருப்பவர் பெயரையும் பரிசோதனையையும் தட்டச்சு செய்வார். நிரல் அன்றைய பதிவுக் கோப்பைத் திறந்து, அடுத்த வரிசை எண் என்ன என்று பார்த்து, அந்த எண்ணோடு ஒரு சீட்டு அச்சிட்டு, பிறகு கோப்பில் ஒரு வரி எழுதி மூடும். ஒவ்வொரு வரியும் சரியாக எண்பது எழுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உள்ளே டெக்னீஷியன் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ட்யூபை எடுத்துப் பரிசோதனை செய்வார். எண்ணும் பெயரும் பதிவில் இல்லாத ட்யூப் அவருக்கு அநாதை, ஓரமாக வைத்துவிடுவார்.

எழுதிவிட்டுச் சீட்டு அச்சிடுவதுதான் முறை என்று அவள் அப்போதே சொன்னாள். அன்றிருந்த மேலாளர் கேட்கவில்லை. "சீட்டு வரலைன்னா பதிவும் வரக்கூடாது, முதல்ல சீட்டு" என்று ஒற்றைக்காலில் நின்றார். சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனால் எட்டு இடத்தில் மைனஸ் ஒன்று வருகிறதா என்று பார்க்கும் வரியைச் சேர்த்திருந்தாள். எங்கே வந்தாலும் திரை சிவப்பாகி, 'பதியவில்லை' என்று கத்தும். ஒன்பது வருஷம் அந்த நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒன்றாம் ஜன்னலில் அந்த ஒன்பது வருஷமும் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'ஜன்னல் அக்கா' என்பார்கள். வேகமான கை, குறைவான பேச்சு. இரண்டு பேருக்கும் பெரிய பகையும் இல்லை, சிநேகமும் இல்லை. ஜன்னல் அக்காவுக்கு இவள் 'மேடம்'. இவளுக்கு ஜன்னல் அக்கா, எப்போதாவது கணினி நின்றுபோனால் கூப்பிடுகிற ஒரு தொலைபேசிக் குரல்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டாம் ஜன்னல் திறந்தார்கள். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் காலையில் மட்டும். தச்சர் வந்து சுவரை வெட்டினார், வயர்காரர் வந்து வயர் இழுத்தார், யாரோ ஒருவர் புதுக் கணினியை வைத்து, உள்ளறை சர்வரில் ஓடும் அதே நிரலை அங்கேயும் ஓட விட்டார். நிரலை எழுதினவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வரிசை இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

"சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் மேலாளரிடம். இவர் புது மேலாளர். எதையும் சுருக்கமாக முடிக்கப் பார்ப்பவர்.

"என்ன சொல்றது? வச்சாங்க, ஓடுது."

ஓடுகிறதுதான். கல்லூரிப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தன் அறைக்குத் திரும்பினாள். உள்ளே போய் நிரலை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கோபத்தில் வேறு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு பெரியவர் முடிவு வாங்க வந்தார். அவர் பெயரில் முடிவு இல்லை. பதிவும் இல்லை. ஓரமாக வைக்கப்பட்ட ட்யூப் ஒன்று மட்டும் இருந்தது, அதற்குள் ரத்தம் கெட்டுப்போயிருந்தது. நரம்பு கிடைக்காத கை அவருக்கு. இரண்டாம் முறை குத்தும்போது மூன்று இடத்தில் தேடினார்கள். பெரியவர் சத்தம் போட்டது மாடி வரைக்கும் கேட்டது. அவரிடம் சீட்டு இருந்தது. சீட்டு இருக்கிறது, பதிவு இல்லை. பத்து நாளில் இன்னொருவர். பிறகு மூன்றாமவர். மூன்று சீட்டும் ஒன்றாம் ஜன்னலில் அச்சானவை.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "உங்க புரோகிராம்ல தப்பு இருக்குமா?"

அந்தக் கேள்வியே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "எட்டு இடத்துல பார்க்குறேன் சார். எழுத முடியலைன்னா திரை சிவப்பாயிடும். சிவப்பாச்சான்னு அவங்களைக் கேளுங்க."

கேட்டார்கள். சிவப்பாகவில்லை, 'பதிவானது' என்றுதான் வந்தது என்று ஜன்னல் அக்கா சொன்னார்.

"அப்போ எப்படிக் காணாம போகும்?"

"சீட்டு வந்ததும், பதியறதுக்குள்ள நிரலை நிறுத்தியிருப்பாங்க. அவசரத்துல எதையாவது அமுக்கியிருப்பாங்க. வேற வழி இல்லை."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தாள். இரண்டே வரி: நிரலில் பிழை இல்லை; பதிவு முடியுமுன் நிறுத்தப்பட்டிருக்கலாம். கீழே கையெழுத்து. மறுநாள் ஜன்னல் அக்காவுக்குக் கவனக்குறைவு என்று மெமோ வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் மெமோ. அதன் பிறகு கேன்டீனில் ஜன்னல் அக்கா அவள் உட்காரும் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு செய்தவருக்குக் கோபம் வேறா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஜன்னல் அக்கா உள்ளறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"மேடம், அஞ்சு நிமிஷம் இருக்கா?"

"மெமோ விஷயம்னா மேனேஜரைப் பாருங்க."

"மெமோவைப் பத்திப் பேச வரலை. நம்பரைப் பத்திப் பேச வந்தேன்."

உறையிலிருந்து சீட்டுகளை எடுத்து விசைப்பலகைக்கு முன்னால் வரிசையாக வைத்தார். காணாமல் போனவர்கள் இப்போது நான்கு பேர். நான்கு சீட்டும் இருந்தன.

"திரும்ப ரத்தம் குடுக்க வந்தப்போ ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு வாங்கி வச்சேன். இந்தப் பெரியவரோட வரிசை எண் பாருங்க. நூத்திப் பதினெட்டு. அன்னிக்குப் பதிவுல நூத்திப் பதினெட்டு யாரு?"

அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். வேறு யாரோ ஒரு பெண். இரண்டாம் ஜன்னலில் பதிந்தவர்.

"அந்தம்மா நேத்து வந்தாங்க. அவங்க சீட்டையும் வாங்கிட்டேன்." ஐந்தாவது சீட்டை எடுத்துப் பெரியவரின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் நூற்றுப் பதினெட்டு. இரண்டிலும் நேரம் ஏழு நாற்பத்திரண்டு. "மத்த மூணும் இதே மாதிரிதான் இருக்கும்னு நினைக்கிறேன். எல்லாமே செவ்வாய், வெள்ளிதான். மத்த நாலு நாளும் நான் இதே ஜன்னல்லதான் வேலை பார்க்குறேன் மேடம். அந்த நாள்லயெல்லாம் என் விரல் எதையும் அமுக்கலையா?"

மற்ற மூன்றையும் தேடிப் பார்த்தாள். மூன்று எண்ணும் பதிவில் வேறு ஆட்களிடம் இருந்தன. மூன்று பேரும் இரண்டாம் ஜன்னல்.

உண்மையைச் சொன்னால், அந்த நொடி அவளுக்கு எதிரில் நின்றவர்மேல்தான் கோபம் வந்தது. தன் வீட்டு அலமாரியை வேற்றாள் ஒருவர் திறந்து காட்டியதுபோல இருந்தது. "பார்க்குறேன்" என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் அக்கா சீட்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நிரலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் தானே தட்டின வரிகள், கண்ணுக்கு நேரே நின்றன.

அடுத்த எண் என்ன என்று கண்டுபிடிக்க அவள் எல்சீக் என்ற அழைப்பைப் போட்டிருந்தாள். கோப்பின் கடைசியில் போய் நில் என்று சொன்னால் அது போய் நின்று, நின்ற இடம் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். அதை எண்பதால் வகுத்தால் இதுவரை எத்தனை பேர் என்று தெரியும். ஒன்று கூட்டினால் அடுத்த எண். சிக்கனமான யோசனை என்று அப்போது தனக்குத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு சீட்டு. சீட்டுக்குப் பிறகு ரைட்.

ஒரே ஜன்னல் இருந்தவரை சரி. இப்போது இரண்டு. ஒன்றாம் ஜன்னல் கடைசியில் போய் நின்றபோது நூற்றுப் பதினேழு வரி இருந்தது. எண் நூற்றுப் பதினெட்டு. சீட்டு அச்சாகத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் இரண்டாம் ஜன்னலும் கடைசியில் வந்து நிற்கிறது. அதே கோப்பில் இன்னும் நூற்றுப் பதினேழு வரிதான். அதற்கும் எண் நூற்றுப் பதினெட்டு. இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். முன்னவர் எழுதுகிறார், பின்னவர் அதன் தலைமேலேயே எழுதுகிறார். எண்பது எழுத்துமேல் எண்பது எழுத்து. அடியில் இருந்தது ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் மறைந்துபோனது. புது அச்சுப்பொறி இருக்கும் இரண்டாம் ஜன்னலில் தாள் வர அரை நொடி கூடுதலாக எடுக்கும். அதனால் நான்கு முறையும் பின்னால் எழுதியது அதுதான். நான்கு முறையும் தொலைந்தது ஒன்றாம் ஜன்னலின் வரிதான்.

இரண்டு ரைட்டும் எண்பது எழுத்து எழுதிவிட்டேன் என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தன. பொய்யும் இல்லை. எட்டு இடத்தில் காவல் வைத்திருந்தாள். ஒரு இடத்திலும் மைனஸ் ஒன்று வரவில்லை. தப்பு நடந்தால் அது கேட்கும்படி நடக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடத்தைக்கூடக் குறை சொல்லவில்லை, கூடத்தில் நின்றவரைச் சொல்லிவிட்டாள், கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

மேலாளரிடம் விளக்கினாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "கண்ணால பார்க்குற மாதிரி காட்டுங்க."

இரண்டு திரையில் நிரலைத் திறந்து, எல்சீக்குக்கும் ரைட்டுக்கும் நடுவே பத்து நொடி நிற்கும்படி ஒரு வரி சேர்த்துக் காட்டினாள். இரண்டு திரையிலும் 'பதிவானது' வந்தது. கோப்பில் ஒரே வரி.

"பத்து நொடி நீங்கதானே தூங்க வச்சீங்க?" என்றார் மேலாளர். "நிஜத்துல யாரு தூங்குறாங்க?"

அவளுக்கு மண்டை காய்ந்தது. போய், தூக்கத்தை எடுத்துவிட்டு, சீட்டையும் எடுத்துவிட்டு, ஆளுக்குப் பத்தாயிரம் வரி எழுதும்படி இரண்டு நிரல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். இருபதாயிரம் வரி இருக்கவேண்டிய கோப்பில் பதினோராயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மேலாளர் அந்த எண்ணை விரலால் தொட்டுப் படித்தார்.

"சரி. சர்வர் கோளாறுன்னு போட்டுடலாம்."

"சர்வர் சரியாத்தான் இருக்கு சார். தப்பு என் நிரல்ல. அப்படித்தான் எழுதுவேன்."

"எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? சர்வர்னு சொன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க."

"அவங்க பேர்ல போட்டப்பவும் யாரும் கேள்வி கேட்கலையே சார்."

அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இந்த மனுஷியோடு மல்லுக்கட்ட முடியாது என்று முகத்தில் எழுதியிருந்தது. அவள் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை ஒரு பக்கம்: பிழை நிரலில்; எழுதியது நான்; முன்பு நான் கொடுத்த குறிப்பு தவறு; அதைக் கொண்டு கொடுத்த மெமோவை ரத்து செய்யவேண்டும். நான்கு நாள் அந்தத் தாள் மேஜைக்கு மேஜை உட்கார்ந்து எழுந்தது. ஐந்தாம் நாள் மெமோவின்மேல் 'ரத்து' என்று முத்திரை விழுந்தது. கிழித்துப் போடமாட்டார்களாம், கோப்பில் முத்திரையோடு இருக்குமாம். அதற்கும் ஒரு சண்டை போட்டாள். அதில் ஜெயிக்கவில்லை.

ஜன்னல் அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னாள். "தப்பு என்னோடது. நான் பார்க்காமலே எழுதிக் குடுத்துட்டேன்."

"சரி மேடம்" என்றார் ஜன்னல் அக்கா. வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். "அடுத்தவங்க வாங்க."

வேறு எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திருத்துவதும் லேசில் முடியவில்லை. திறக்கும்போதே 'அப்பெண்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். ஒவ்வொரு ரைட்டும் அந்த நொடியில் கோப்பின் கடைசி எதுவோ அங்கேதான் எழுதும், ஒருவர் தலைமேல் ஒருவர் ஏற முடியாது. சேர்த்தாள். வரிகள் தொலையவில்லை. ஆனால் எண்ணை முன்னாலேயே பார்த்துவைக்கிறார்களே, அது இரட்டையாகத்தான் வந்தது. இரண்டு நூற்றுப் பதினெட்டும் பதிவில் இருந்து இரண்டு ட்யூபும் உள்ளே போனால், எண்ணை வைத்து முடிவு எழுதுகிற டெக்னீஷியன் யார் ரத்தத்தை யாருக்கு எழுதுவார்? தொலைவதைவிட அது மோசம். எனவே கோப்புக்கே பூட்டுப் போட்டாள். ஒரு ஜன்னல் எண் பார்த்து, சீட்டு அச்சிட்டு, எழுதி முடிக்கும்வரை மற்றது வாசலில் காத்திருக்கவேண்டும். பூட்டு நிஜமாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தாள். இருபதாயிரம் வரி, இருபதாயிரமும் இருந்தது. வெள்ளிக்கிழமை நன்றாகப் போனது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு இரண்டாம் ஜன்னல் அசையாமல் நின்றுவிட்டது. திரையில் ஒன்றும் இல்லை. சிவப்பும் இல்லை. வெறும் வயிற்றோடு முப்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் தொலைபேசியில் அவள் பேரைச் சொல்லும்போதே பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

ஒன்றாம் ஜன்னலில் சீட்டுத்தாள் சுருள் தீர்ந்திருந்தது. அச்சுப்பொறி தாளுக்காகக் காத்திருந்தது. நிரல் அச்சுப்பொறிக்காகக் காத்திருந்தது, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாம் ஜன்னல் பூட்டுக்காகக் காத்திருந்தது. புதுச் சுருளை மாட்டியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது. இவளுக்குத்தான் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அன்று மத்தியானம் அவள் உள்ளறைக்குப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒன்றாம் ஜன்னலுக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"சீட்டைப் பூட்டுக்கு வெளியே எடுக்கணும். முதல்ல பதிவு, அப்புறம் சீட்டு. இல்லைன்னா இது தினம் நடக்கும்" என்றாள். "ஆனா அப்போ தாள் சிக்கினா பதிவு இருக்கும், சீட்டு இருக்காது. அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்குத் தெரியலை. அதான் கேட்க வந்தேன்."

ஜன்னல் அக்கா தாள் சுருளின் அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"இப்பவும் தாள் சிக்குதுல்ல. என்ன பண்றேன்னு நினைக்கிறீங்க? திரும்ப முதல்லருந்து அடிக்கிறேன். பேரு, வயசு, பரிசோதனை, எல்லாம். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷமா."

"சொல்லவேயில்லையே."

"கேட்கவேயில்லையே மேடம். மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ஓடுதுல்லன்னாரு." ஜன்னல் அக்கா விசைப்பலகையில் மேல்வரிசையில் சும்மா கிடந்த ஒரு விசையைத் தொட்டுக் காட்டினார். "இதை அமுக்கினா கடைசிச் சீட்டு மறுபடி வரணும். அதுக்கு முன்னால உள்ளதும் வேணும்னா ரெண்டு தடவை அமுக்குவேன். அவ்வளவுதான்."

"ரெண்டு போதுமா? மூணாவது ஆளோடது சிக்கினா?"

"மூணு ஆள் வரைக்கும் நான் தாளைப் பார்க்காம இருக்க மாட்டேன்."

அவள் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு தாள் எந்தப் பக்கமாகச் சிக்குகிறது, சிக்கும்போது பாதிச் சீட்டு வருமா முழுக்க வராதா, நோயாளி அதற்குள் போய்விடுவாரா என்று வரிசையாகக் கேட்டாள். ஜன்னல் அக்கா பொறுமையாகவும், நடுநடுவே பொறுமை இல்லாமலும், பதில் சொன்னார். மூன்று மணிக்கு முடிவு வாங்க ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னல் அக்கா நாற்காலியை ஜன்னல் பக்கம் சற்று நகர்த்தினார். இவளும் தன்னுடையதை நகர்த்தி இடம்விட்டு, மீதிக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.